செட்டிங்ஸ் சாவி யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "வெப் அப்ளிகேஷன் பிரேம்ஒர்க்கில், பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும் செட்டிங்ஸை வடிவமைப்பது எப்படி" என்று தலைப்புக் கொடுத்தேன். அழைப்பிதழைப் பார்த்த என் வகுப்புத் தோழன் ஒருவன், "உன் பேச்சு சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டான். பின்னாடி என்றால் தூங்க வசதி என்பது அவன் கணக்கு. அவனுக்காகவே கடலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கடியப்பட்டணத்துக்காரன். வள்ளியாறு கடலில் சேரும் ஊர். நிமிர்ந்தால் முட்டம் கலங்கரை விளக்கு தெரியும். எங்கள் பக்கத்தில் பைபர் வள்ளம் செய்யும் இடத்தில் ஒரு அச்சு இருக்கும். அந்த அச்சிலிருந்து எத்தனை வள்ளம் எடுத்தாலும் உடம்பு ஒன்றுதான். ஆனால் என்ன இன்ஜின் மாட்டுவது, என்ன வலை ஏற்றுவது, என்ன பெயர் எழுதுவது என்பதெல்லாம் வாங்குகிறவர் விருப்பம். பிரேம்ஒர்க் என்பது அந்த அச்சு. செட்டிங்ஸ் என்பது, உடம்பை அறுக்காமல் வாங்கியவர் மாற்றிக்கொள்ளக் கூடியது. இதில் எதை மாற்ற விடுவது, எதை விடக்கூடாது, யாரை மாற்ற விடுவது என்பதுதான் நான் பேச வந்த விஷயம். பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. நான் செய்த மூன்று தப்புகளில் கிடைத்தது.

2016-ல் எங்கள் கரைப் பக்கத்துப் படகுக்காரர் குழு ஒன்று என்னிடம் ஒரு சின்னப் புரோகிராம் கேட்டது. எந்தப் படகு எப்போது போனது, யார் யார் போனார்கள், எப்போது திரும்ப வேண்டும், கரையில் ஏலம் எவ்வளவு போனது, கமிஷன் எவ்வளவு, தடைக்காலம் எப்போது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். நான் ஜாங்கோ என்ற பிரேம்ஒர்க்கில் எழுதினேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் பிறந்து, 2005-ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட பிரேம்ஒர்க் அது. நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. பெருமையாக இருந்தது.

முதல் தப்பு, தடைக்காலம். மீன் இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். அப்போது 45 நாள். மேற்குக் கரைக்கு ஜூன் 15 முதல் ஜூலை 29 வரை. பல வருஷமாக இதுதான் நடைமுறை. மாறாது என்று நினைத்து, அந்தத் தேதிகளைப் புரோகிராமுக்குள்ளேயே, அதுவும் மூன்று இடத்தில், எழுதிவிட்டேன். 2017-ல் தடைக்காலம் 61 நாளானது. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நான் சென்னையில் இருக்கிறேன். குழு அலுவலகத்துத் திரையில் ஜூன் 1-ம் தேதி காலையில் "கடலுக்குப் போகலாம்" என்று பச்சை எழுத்து! நல்லவேளை, எங்கள் ஊரில் யாரும் கம்ப்யூட்டர் பச்சை காட்டியதென்று படகை இறக்குவதில்லை. ஆனால் குழுவில் இருந்த ஒரு பாட்டா போனில் கேட்டதை நான் மறக்கவில்லை. "ஏ மக்கா, அரசாங்கம் அறிவிச்சு நாளாச்சு. ஒனக்க மெஷினுக்கு ஒரு காலண்டர் வாங்கிக் குடுக்கணுமா?"

சரி, மூன்று இடத்திலும் 45-ஐ அழித்து 61 என்று போட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. நம் மாவட்டம் விசித்திரமான மாவட்டம். இரண்டு கடலும் நம்முடையது. சின்னமுட்டம் துறைமுகத்துப் படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் வரும். அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு. எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பக்கப் படகிலும் கூலிக்குப் போகிறவர்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் தடை. ஏப்ரல் கடைசியில் ஒரு பக்கம் தடை, மறுபக்கம் கடல் திறந்திருக்கும். ஆக, "தடைக்காலம்" என்று ஒரே ஒரு பெட்டி வைத்தால் பாதி மாவட்டத்துக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் கரை, எந்த வகைப் படகு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று வைத்தால்தான் அது செட்டிங்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஏற்கெனவே வேலையில்லாமல் கிடந்ததால் அந்த வருஷத்துக்கு மட்டும் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்தார்கள். கிழக்கே ஏப்ரல் 15 முதல் மே 31 வரை, மேற்கே ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை. அடுத்த வருஷம் பழையபடி 61. இப்போது யோசித்துப் பாருங்கள். பெட்டியில் இருந்த 61-ஐ அழித்து 47 போட்டால், 2019 கணக்கை எடுத்துப் பார்க்கும்போதும் 47 என்றுதான் புரோகிராம் நினைக்கும். 2019 ஜூன் 10-ம் தேதி சட்டப்படி கரையில் கட்டிக்கிடந்த படகைப் பார்த்து, "இது ஏன் கடலுக்குப் போகவில்லை?" என்று கேட்கும். அதனால் மதிப்பை அழித்து எழுதக் கூடாது. பழையதை அப்படியே வைத்து, புதியது எந்த வருஷத்துக்குச் செல்லும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். நம் வீட்டுப் பத்திரம் மாதிரிதான். புதுப் பத்திரம் எழுதினால் பழைய மூலப் பத்திரத்தைக் கிழித்தா போடுகிறோம்?

இரண்டாவது தப்பு நேரம். இதை மாணவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

ஜாங்கோவில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது வைத்துக்கொள்ளும் நேரம் சிகாகோ நேரம். பிறந்த ஊர்ப் பாசம்! புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கும்போது அது எழுதித் தரும் செட்டிங்ஸ் பைலில் யூ.டி.சி. என்று இருக்கும். அதை நான் மாற்றவில்லை. நம் நேரம் யூ.டி.சி.யை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதாவது யூ.டி.சி. கணக்கில் நமக்கு நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, விடியற்காலை ஐந்தரை மணிக்கு. ஆபீஸ் வேலைக்கான புரோகிராமாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்து மணிக்கு ஆபீஸ் திறப்பவனுக்கு ஐந்தரை மணி என்ன செய்யும்? ஆனால் மீன் ஏலம்? விடியுமுன்னே கரையில் நடக்கிற வியாபாரம். நாலரை மணிக்குப் போன ஏலம் நேற்றுத் தேதியில் ஏறியது, ஆறு மணி ஏலம் இன்றையத் தேதியில் ஏறியது. ஒரே வள்ளத்து மீன் இரண்டு நாள் கணக்கில். மாதம் முதல் தேதி விடியற்காலை விற்றது போன மாதக் கமிஷனில் சேர்ந்தது. கணக்குப் பார்த்த அக்கா ஒருவர் மூன்று மாதம் தன் கூட்டல்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி ராத்திரியாகத் திரும்பத் திரும்பக் கூட்டியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது, தூக்கம் போனது அவருக்கு.

இதைச் சரி செய்து "ஆசியா, கொல்கத்தா" என்று மாற்றியது ஒரு வரி வேலை. ஆனால் இந்த நேர செட்டிங்கைத் திரையில் வைத்து, வேண்டியவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று விடலாமா? கூடவே கூடாது. கலங்கரை விளக்கை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் அதற்கென்று மின்னும் தாளம் ஒன்று உண்டு. அதைப் பட்டியல் போட்டு அச்சடித்திருப்பார்கள். அந்தத் தாளத்தை வைத்துத்தான் கடலில் இருப்பவன் "இது எந்த விளக்கு" என்று தெரிந்துகொள்கிறான். மாற்ற வேண்டி வந்தால் மாலுமிகளுக்கு முறைப்படி அறிவித்துத்தான் மாற்றுவார்கள். விளக்குக் காவலுக்கு வந்த பையன் ஆசைப்பட்டதற்காகத் தாளத்தை மாற்ற ஒரு பொத்தான் அங்கே கிடையாது. நேரம், டேட்டாபேஸ் முகவரி போன்றவை அந்த ஜாதி. பைலில் இருக்க வேண்டும், புரோகிராமர் மாற்ற வேண்டும், மாற்றினால் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். ஜாங்கோ ஆவணத்திலேயே, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டிங்ஸை மாற்றாதே என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. சர்வரில் ஒரே புரோகிராம் நாலைந்து பிரதியாக ஓடும். ஒரு பிரதிக்குள் மாற்றினால் மற்றப் பிரதிகளுக்குத் தெரியாது. ஒருத்தர் போனில் 61 காட்டும், பக்கத்தில் நிற்பவர் போனில் 45 காட்டும். திரையில் மாற்ற விடுவதாக இருந்தால் அந்த மதிப்பு டேட்டாபேசில் இருக்க வேண்டும், எல்லாப் பிரதியும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டு, ரகசியச் சாவி இவை மூன்றாவது ஜாதி. திரையிலும் வரக் கூடாது, நண்பனுக்கு அனுப்பும் பைலிலும் வரக் கூடாது. ஹெரோக்கு நிறுவனத்தார் 2011-ல் "பன்னிரண்டு அம்சம்" என்று ஒரு வழிகாட்டி எழுதினார்கள். அதில் ஒரு சோதனை உண்டு: உன் புரோகிராமை இந்த நிமிஷம் ஊருக்கே திறந்து காட்டினால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா? போகும் என்றால் வைத்த இடம் தப்பு. ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்படி வெளியிலிருந்து வரும் மதிப்பெல்லாம் எழுத்தாகத்தான் வரும். பைத்தானில் "பால்ஸ்" என்ற எழுத்தைக் கொடுத்து உண்மையா பொய்யா என்று கேட்டால் "உண்மை" என்று சொல்லும், ஏனென்றால் காலியாக இல்லாத எழுத்தெல்லாம் அதற்கு உண்மை. எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 45-ஐ விடப் பெரிது. சிரிக்கிற பிள்ளைகள் ஏற்கெனவே பட்டவர்கள் என்று தெரிகிறது.

மூன்றாவது தப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இரண்டு முறை சூடு பட்டதும், எதையும் உள்ளே எழுதக் கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டு வந்தேன். நாற்பதுக்கும் மேல் பெட்டிகள். "இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம், நீங்களே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னேன். சுதந்திரம் கொடுத்ததாக நினைப்பு. உண்மையில் என் பொறுப்பை அவர்கள் தலையில் இறக்கி வைத்தேன்.

அதில் ஒரு பெட்டி, காற்று எச்சரிக்கை. வானிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் கடலில் இருப்பவர்கள் வீட்டுக்கும் படகு உரிமையாளருக்கும் எஸ்.எம்.எஸ். போகும். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கைகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் காற்று என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதனால் 45 என்று வைத்திருந்தேன். பெட்டிக்கு மேலே "காற்று அளவு" என்று மட்டும் எழுதியிருந்தேன். கிலோமீட்டரா, நாட்டா என்று எழுதவில்லை.

2018 ஆடி மாதம். கச்சான் காற்று. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, ஜி.பி.எஸ். கருவியில் நாட் கணக்கே பார்த்துப் பழகியவன், பெட்டியில் 45 இருப்பதைப் பார்த்து "இது ரொம்ப அதிகம்" என்று 25 ஆக்கினான். 25 நாட் என்றால் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அவன் கணக்கு அவனுக்குச் சரி. புரோகிராம் அதை 25 கிலோமீட்டராக எடுத்துக்கொண்டது. ஆடி மாசக் கடலில் 25 கிலோமீட்டர் காற்று இல்லாத நாள் ஏது? ஒரு நாளைக்கு ஆறு, ஏழு எஸ்.எம்.எஸ். வீட்டுப் பெண்கள் பயந்துபோய் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். இன்னொருவர், "இந்தத் தொல்லையை நிறுத்துகிறேன்" என்று பெட்டியில் 65 போட்டுவிட்டார். தொல்லை நின்றது. எல்லாருக்கும் நிம்மதி.

இரண்டு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். கூடப் போகவில்லை. புரோகிராம் நிற்கவில்லை, சிவப்பு எழுத்து வரவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் ஓடியது. அந்த இரண்டு வாரத்தில் ஐம்பதைத் தாண்டிய நாள்கள் இருந்தன. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலம் எது என்று பாருங்கள். ஓக்கி வந்தது 2017 நவம்பர் 30. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எச்சரிக்கை வெளிவந்தபோது தங்கல் போனவர்கள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். திரும்பி வராதவர்கள் வீடு எங்கள் கரை நெடுக இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவி 2019-ல்தான் வந்தது. அப்படிப்பட்ட கரையில், நான் கட்டிய பெட்டி ஒன்று இரண்டு வாரம் வாய் மூடிக் கிடந்தது. போக வழியிருந்த தகவலையும் போகவிடாமல் செய்தது என் பெட்டி. அந்தத் தம்பி மேலும் தப்பில்லை, 65 போட்டவர் மேலும் தப்பில்லை. இருவரும் தங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்தார்கள்.

பெரிய பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். நைட் கேப்பிட்டல் என்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. பயன்பாட்டில் இல்லாத பழைய செட்டிங் ஒன்றின் பெயரையே புது வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் பழைய புரோகிராம் மாற்றப்படாமல் இருந்தது. அந்த ஒன்றுக்கு அந்தப் பெயர் பழைய அர்த்தத்தையே சொன்னது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியதும் புதுப் புரோகிராம் இல்லை, மதிப்புகள் அடங்கிய ஒரு பைல்தான். புரோகிராம் 20 கட்டங்களை எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டது 21. உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன, விமானங்கள் நின்றன. "செட்டிங்தானே, புரோகிராமா மாத்தினோம்?" என்று நினைக்கும் இடத்தில்தான் வினை.

பிறகு உட்கார்ந்து திரும்பக் கட்டினேன். முதலில் ஒவ்வொரு பெட்டியின் தலைப்பையும் கேள்வியாக எழுதினேன். "காற்று அளவு" போய், "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் காற்றுக்கு எச்சரிக்கை போக வேண்டும்?" என்று வந்தது. பக்கத்திலேயே "இது சுமார் 24 நாட்" என்று தானே கணக்கிட்டுக் காட்டும். மாற்றினால் சேமிப்பதற்கு முன்பே, "போன வாரம் இந்த அளவு இருந்திருந்தால் இத்தனை எஸ்.எம்.எஸ். போயிருக்கும்" என்று சொல்லும். பெட்டியில் 65 போட்டுப் பார்த்து "பூஜ்யம்" என்று வந்தால் யாரும் சேமிக்க மாட்டார்கள். இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது என்பது என் அனுபவம்.

அடுத்தது, எல்லை. புத்தகத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். இங்கே அப்படி முடியாது. 45-ஐக் கீழே இறக்க அலுவலகத்தில் இருப்பவருக்கே உரிமை உண்டு. சிறிய வள்ளங்கள் போயிருந்தால் 40 என்று வைக்கட்டும், கூடுதல் எச்சரிக்கையால் உயிர் போகாது. ஆனால் 45-க்கு மேலே ஏற்ற ஒருவரால் முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், அதுவும் மூன்று நாளில் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆபத்தான பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் கதவு இறுக்கமாக இருக்க வேண்டும், கேட்டியளா?

வேர்ட்பிரஸ்ஸிலிருந்து ஒன்று கற்றேன். அதில் தளத்தின் முகவரியைத் திரையிலேயே மாற்றலாம். தப்பாக மாற்றினால் அந்தத் திரைக்கே திரும்ப வர முடியாது. வீட்டுக்குள் நின்று பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்ட கதை. பைலில் அந்த முகவரியை எழுதிவிட்டால் பைல் சொல்வதுதான் செல்லும், திரையில் அந்தப் பெட்டி சாம்பல் நிறமாகி மாற்ற முடியாமல் நிற்கும். அந்தச் சாம்பல் நிறம் நல்ல யோசனை. மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அது மறைக்கவில்லை. என் திரையிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே சின்ன எழுத்தில், இது முதலில் இருந்ததா, பைலிலிருந்து வந்ததா, யாராவது மாற்றியதா, மாற்றியவர் யார், எந்தத் தேதி என்று இருக்கும். பெயர் போடுவது குற்றம் சாட்ட அல்ல, போன் பண்ணிக் கேட்க.

நாற்பது பெட்டி இப்போது ஏழு. மிச்சமெல்லாம் பைலுக்குப் போய்விட்டன. சிலவற்றைத் தூக்கியே விட்டேன், யாருமே ஒருநாளும் தொட்டதில்லை. ஏழில் ஒன்று ஏலக் கமிஷன். அது கரைக்குக் கரை வேறு. அதை மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது, ஊர்க் கூட்டம் முடிவு செய்து கணக்கு அக்கா மட்டும்தான் மாற்றலாம். ஒருமுறை அவரிடம், "உங்களுக்கு அவசரமென்றால் நான் சென்னையிலிருந்தே போட்டுவிடுகிறேன்" என்றேன். "வேண்டாம் தம்பி, கூட்டத்துல எழுதட்டும், பெறவு நானே போடுகேன்" என்றார். மூன்று மாதம் ராத்திரியில் கூட்டிப் பார்த்தவர் அல்லவா!

தடைக்காலப் பெட்டி பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மாணவர் ஒருவர் நேற்று கேட்டார்: "அடுத்த வருஷத்துக்கும் 61 என்று தானாகவே போட்டு வைத்தால் என்ன சார்? பெரும்பாலும் அதுதானே வரும்?" பெரும்பாலும் வரும். 2017-க்கு முன்னால் 45-ம் பெரும்பாலும் வந்ததுதான். அதனால் அடுத்த வருஷத்து வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். மீன்வளத் துறை அறிவிப்பு வந்து, தேதியை ஒருவர் எழுதி, இன்னொருவர் சரிபார்க்கும் வரை திரையில் பச்சையும் வராது, சிவப்பும் வராது. "அறிவிப்பு இன்னும் பதியப்படவில்லை, அலுவலகத்தில் கேட்கவும்" என்று மட்டும் இருக்கும். அந்தப் பாட்டா போன மாதம் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது, கொள்ளாம்" என்றார்.

சாப்பாடு ஆறுவதற்குள் விடுகிறேன். நிரலைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் மாலையில் கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள், மடிக்கணினி கொண்டு வந்திருக்கிறேன்.